இடுப்பில் ஒரு கௌரவம்

ரிவால்வர் வாங்க ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் ரிவால்வரைப் பற்றியே பேசுகிறார்கள். தோட்டாவைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. உறையைப் பற்றிக் கேட்டாலோ, கல்யாண வீட்டில் துடைப்பத்தைப் பற்றி விசாரித்தவனைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள். குத்துவிளக்கு வாங்கப் போனவன் எண்ணெயையும் திரியையும் மறந்துவிட்டு, விளக்கின் உயரத்தை மட்டும் முழம் போட்டுப் பார்த்து வாங்கி வந்தால் வீட்டில் இருட்டுத்தான் மிஞ்சும், வேறு நஷ்டமில்லை. இந்தச் சாமான் அப்படிப்பட்டதல்ல. இதில் காட்டுகிற அசட்டை வீட்டிலேயே யார் தலையிலாவது விடியும்.

எங்கள் பெருமாநல்லூர்ப் பக்கத்தில் இந்த ஆசை சிலருக்கு எப்படி வருகிறது என்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். முதலில் நாலு தையல் மெஷின், பிறகு நாற்பது, பிறகு ஏற்றுமதி ஆர்டர், கார், கோயில் விசேஷத்தில் முதல் மரியாதை. அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியாத ஒரு கட்டம் வருகிறது. அந்தக் கட்டத்தில்தான் ஆயுத லைசென்ஸுக்கு மனுப் போடுகிறார்கள். அப்படி மனுப் போட்ட ஓர் அன்பர் என்னிடம் வந்தார். கதைகளில் அவ்வப்போது கைத்துப்பாக்கி வெடிக்க வைப்பவன் என்பதால், அதன் சாஸ்திரமெல்லாம் எனக்கு அத்துபடி என்று அவருடைய எண்ணம்.

"ஏனுங்கண்ணா, கைப்பிடி மரத்துல இருந்தா எடுப்பா இருக்குமா, கறுப்பா இருந்தா எடுப்பா இருக்குமாங்க?"

"அது கிடக்கட்டும். தோட்டா எது வாங்கப் போறீங்க?"

"அதைக் கடைக்காரரே போட்டுக் குடுத்துருவாருங்க."

"எதுல வெச்சுட்டுப் போவீங்க?"

அவர் வேட்டிக்கு மேல் கட்டியிருந்த அகலமான பச்சை பெல்ட்டைத் தட்டிக் காட்டினார். பணம் வைக்கிற பை அதில் இருந்தது. ரூபாய் நோட்டோடு நோட்டாக ரிவால்வரும் அதில் குடியிருக்கும் என்று பொருள்.

தோட்டாவையும் உறையையும் பூட்டையும் பற்றி ஒரு வாரம் நேர்மையாக யோசித்தால், மனுப் போட்டவர்களில் பெரும்பாலோர் மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள் என்பது என் கட்சி. அவர்கள் யோசிப்பதில்லை, யோசிக்கவும் விரும்புவதில்லை. ஏனென்றால் அவர்களுக்கு வேண்டியது காவல் அல்ல, கௌரவம். கௌரவத்துக்குத் தோட்டா எதற்கு?

தோட்டா என்றால் என்ன என்பதற்குத் தமிழ்நாடே அறிந்த சாட்சியம் ஒன்று இருக்கிறது. 1967 ஜனவரி 12ஆம் தேதி மாலை, ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர்.ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார், பிறகு தம்மையும் சுட்டுக்கொண்டார். ஒரே அறைக்குள் நடந்த சம்பவம். சுட்டவருக்கும் சுடப்பட்டவருக்கும் இடையே கூப்பிடு தூரம்கூட இல்லை. எம்.ஜி.ஆருக்குக் காதருகே பாய்ந்த குண்டு கழுத்துக்குள் போய்த் தங்கியது. அந்த இடத்தில் பாய்ந்த குண்டுக்கு ஒரு மனிதன் பிழைப்பது அபூர்வம்; இங்கே இரண்டு பேரும் பிழைத்தார்கள். கழுத்துக் கட்டோடு எடுத்த எம்.ஜி.ஆரின் படம் சுவரொட்டியாகி ஊரெங்கும் ஒட்டப்பட்டதும், அடுத்த மாதம் நடந்த தேர்தலில் அவர் பரங்கிமலையில் வென்றதும் பழங்கதை. ராதா 1979 வரையிலும் எம்.ஜி.ஆர். 1987 வரையிலும் வாழ்ந்தார்கள்.

எப்படிப் பிழைத்தார்கள்? தெய்வச் செயல் என்றார்கள். தாய்மார்களின் பிரார்த்தனை என்றார்கள். தடயவியல் துறையினர் பின்னால் சொன்ன விளக்கம் அவ்வளவு ரசமானதல்ல. தோட்டாக்கள் பழையவை. பல வருஷங்களாக மேசை இழுப்பறையில் கிடந்தவை. இழுப்பறையைத் திறக்கும்போதும் மூடும்போதும் உருண்டு உருண்டு, ஒன்றோடொன்று உராய்ந்து வீரியம் இழந்தவை. அவ்வளவுதான் விஷயம்! தமிழ்நாட்டின் பிற்காலச் சரித்திரம் ஒரு மேசை இழுப்பறையில் உருண்டுகொண்டு கிடந்திருக்கிறது.

இந்த விளக்கத்தைக் கேட்டு நாம் சந்தோஷப்படுகிறோம், படவேண்டியதுதான். ஆனால் "என் உயிரைக் காக்க வாங்குகிறேன்" என்று சொல்கிறவருக்கு இது சந்தோஷச் சமாசாரமா? அவருடைய தோட்டாவும் இழுப்பறையில்தான் கிடக்கப் போகிறது. துப்பாக்கிக்கு லட்சத்துக்கு மேல் கொடுத்தவர், தோட்டாவை மட்டும் தாத்தா காலத்துக் கஷாயச் சரக்கு மாதிரி, வைத்தால் வைத்தபடி இருக்கும் என்று நம்புகிறார். ராதாவின் தோட்டா கெட்டுப்போனதால் இருவர் பிழைத்தார்கள். இவருடைய தோட்டா கெட்டுப்போயிருந்தால் திருடன் பிழைப்பான்.

தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது பெரிய வித்தை ஒன்றுமல்ல. ஆனால் ஒரு வித்தைதான். நம் நாட்டில் சாதாரணப் பிரஜைக்குக் கிடைக்கக்கூடிய ரிவால்வர் பெரும்பாலும் .32. பட்டாளமும் போலீசும் கையாளும் .38, .455, ஒன்பது மில்லிமீட்டர் எல்லாம் தடை செய்யப்பட்ட ரகம். சரி, .32 என்று லைசென்ஸில் எழுதிவிட்டால் தீர்ந்ததா? அதே .32 என்ற பெயரில் இரண்டு தோட்டா உண்டு. ஒன்று ரிவால்வருக்கானது, அமெரிக்காவின் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனி 1896இல் கொண்டுவந்தது. நீளமான பித்தளைக் கூடு, அடியில் அகன்ற விளிம்பு. மற்றது பிஸ்டலுக்கானது, கட்டையான கூடு, விளிம்பு இருந்தும் இல்லாதது போல. பின்னது முன்னதன் அறைக்குள் நுழையும். நுழைகிறதே என்று போட்டுச் சுடலாகாது; அதற்கென்று செய்யப்பட்ட அறையல்ல அது. இந்த வித்தியாசத்தை எத்தனை பேர் அறிவார்கள்? கடைக்காரர் அறிவார். கடைக்காரர் பிழையாகக் கொடுத்தால் கண்டுபிடிக்கத் தெரியாதவர் கையில் ஆயுதம் எதற்கு?

மேல்நாட்டுப் பத்திரிகைகளைப் படித்துவிட்டு வருகிறவர்கள் வேறு ஒரு ரகம். எந்தக் குண்டுக்கு "நிறுத்தும் சக்தி" அதிகம், மூக்குக் குழிந்த குண்டு நல்லதா, மூக்கு உருண்ட குண்டு நல்லதா என்று மணிக்கணக்கில் வாதம் செய்வார்கள். மூக்கைத் திறந்துவிட்டு, உடம்புக்குள் போய் மலர்ந்து விரியும்படி செய்யப்படும் குண்டுக்கு உலகம் முழுவதும் "தம்தம்" என்று பேர் வந்ததே, அது கல்கத்தாவை அடுத்த தம்தம் ஆயுதச் சாலையின் பேர்தான். எல்லைப்புறத்தில் நம்மவர் மேல் பிரயோகிக்க வெள்ளைக்காரன் அங்கே செய்தான். 1899இல் ஹேக் நகரத்தில் கூடிய தேசங்கள் யுத்தத்தில் அதை உபயோகிக்கலாகாதென்று பிரகடனம் செய்தன. அமெரிக்கப் போலீஸ் இன்றும் அந்த ஜாதிக் குண்டை வைத்திருக்கிறது. குறி வைத்தவனைத் துளைத்துக்கொண்டு பின்னால் நிற்கும் நிரபராதி மேல் போகாது என்பது அவர்கள் சொல்லும் நியாயம். அந்த நியாயம் நம் .32க்குப் பொருந்துவதும் சிரமம். ஏறக்குறைய முக்கால் பவுன் எடையுள்ள ஈயம், குட்டையான குழலிலிருந்து மந்த வேகத்தில் புறப்படுகிறது; மலர்வதற்கு வேண்டிய வேகமே அதற்கு இல்லை. ஆக இந்த வாதமெல்லாம் கிணற்றில் தண்ணீர் இல்லாதவன் மோட்டாரின் குதிரைசக்தியைப் பற்றிப் பேசுவது போலத்தான்.

பேசவேண்டியது வேறு. டப்பாவைப் பார்த்து எந்த வருஷத்துச் சரக்கு என்று கேட்கவேண்டும். ஒரே டப்பாவிலிருந்து சிலவற்றைச் சுட்டுப் பார்த்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளவேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை பழையதைப் பயிற்சிக் களத்தில் தீர்த்துவிட்டுப் புதிது போடவேண்டும். ரிவால்வருக்கு எண்ணெய் போடுகிற ஆர்வத்தில் தோட்டாவோடு சேர்த்து எண்ணெயில் குளிப்பாட்டிவிடுகிறவர்கள் உண்டு. அந்த எண்ணெய் அடியிலுள்ள கேப்புக்குள் கசிந்துவிட்டால் விசையை அழுத்தும்போது "டிக்" என்ற சத்தம் கேட்கும். அதற்கு மேல் ஒன்றும் கேட்காது. சித்திரை வெயிலில் கார் டாஷ்போர்டுக்குள் வைத்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள். தோட்டாவை வரிசையாகச் செருகிய தோல் பெல்ட்டைச் சினிமாவில் பார்த்துவிட்டு, அதே மாதிரி தைக்கச் சொல்லி அதிலேயே வருஷக்கணக்கில் வைத்திருப்பார்கள். பதனிட்ட தோலில் உள்ள உப்பும் நம் வியர்வையும் சேர்ந்து பித்தளையில் பச்சையாகக் களிம்பு ஏற்றும். ஒரு நாள் தோட்டா அறைக்குள் நுழையாது, அல்லது நுழைந்தால் வெளியே வராது. தோல், துப்பாக்கியைச் சுமக்க. தோட்டாவைச் சேமிக்க அல்ல.

(சினிமா என்றதும் ஞாபகம் வருகிறது. ரிவால்வர் குழலில் ஒரு உருளையைத் திருகிச் சத்தமில்லாமல் சுடும் வில்லன்களைக் கதைகளிலும் படங்களிலும் பார்க்கிறோம். ரிவால்வரின் சுழல் அறைக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடுக்கு வழியாகச் சத்தம் வந்துவிடும். குழல் நுனியை அடைத்து என்ன பயன்? சுடும்போது அறை முன்னே நகர்ந்து இடுக்கை அடைத்துக்கொள்ளும்படி செய்யப்பட்ட ருஷ்ய நாகன் ஒன்றுதான் பேர்பெற்ற விலக்கு. சக எழுத்தாளர்கள் கவனிப்பார்களாக.)

உறை விஷயத்துக்கு வருவோம். நல்ல உறைக்கு அடையாளம் மூன்று விரற்கடை அகலத்துக்குள் இருக்கிறது: அது விசையை முழுக்க மூடவேண்டும். விசை வெளியே தெரிந்தால் சாவியோ, பொத்தானோ, சட்டை நுனியோ விரலின் வேலையைச் செய்துவிடும். வாய் தளர்ந்து மடங்காமல் விறைப்பாக இருக்கவேண்டும். குனிந்தால் விழக்கூடாது, தேவைப்பட்டால் ஒரே இழுப்பில் வரவேண்டும். இத்தனையும் ஒரு கனத்த பெல்ட்டில் கட்டினால்தான் நிற்கும். பெல்ட் கால்சட்டையின் கண்ணிகளில் கோத்திருந்தால்தான் ஆடாமல் இருக்கும். வேட்டியில்? பச்சை பெல்ட்டின் பணப்பைக்குள் போட்டால் ரிவால்வர் குறுக்கே படுத்துக்கொள்ளும். நோட்டுக் கட்டை எடுக்கும் கை முதலில் விசையைத் தொடும்.

2024 அக்டோபர் 1ஆம் தேதி விடியற்காலையில் மும்பையில் நடிகர் கோவிந்தாவுக்கு நேர்ந்ததை வாசகர்கள் படித்திருப்பார்கள். வெளியூர் புறப்படும் அவசரத்தில், லைசென்ஸ் பெற்ற தம் ரிவால்வரை அலமாரியில் வைக்கப் போனார். அது கை தவறி விழுந்து வெடித்தது என்றார்கள். குண்டு காலில் பாய்ந்தது. ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். எதிரி இல்லை, திருடன் இல்லை, சண்டை இல்லை. தரை ஒன்றுதான் எதிரி. பழைய ரக ரிவால்வர்களில் சுத்தியல் தோட்டாவின் கேப்பின் மேலேயே தலை வைத்துப் படுத்திருக்கும். கீழே விழுந்தால் அந்தச் சுத்தியல் யார் அனுமதியையும் கேட்காது. அதனால்தான் அந்தக் காலத்துத் துரைமார்கூட ஆறு அறையில் ஐந்தை நிரப்பிச் சுத்தியலுக்குக் கீழே ஒன்றைக் காலியாக விட்டார்கள். நம்மவருக்கு ஐந்து போதாது. ஆறுக்கும் காசு கொடுத்திருக்கிறோமே!

உறையில் போட்டு இடுப்பில் தொங்கவிட்டு நாலு பேர் பார்க்க நடப்பதற்குத்தானே வாங்குகிறார்கள்? அதற்கும் வழியில்லை. 2016ஆம் வருஷத்து ஆயுத விதிகள், பொது இடத்தில் கைத்துப்பாக்கி கொண்டுபோவதானால் உரிய உறையில், முழுக்க மறைத்துக் கொண்டுபோகவேண்டும் என்கின்றன. மனுதாரர் பத்திரமாகக் கையாளும் பயிற்சி பெறவேண்டும், வீட்டில் பூட்டி வைக்க ஏற்பாடு செய்வதாக எழுதிக் கொடுக்கவேண்டும் என்றும் சொல்கின்றன. 2019இல் சட்டத்தைத் திருத்தி, கல்யாணத்திலும் கோயில் விழாவிலும் வானத்தைப் பார்த்துச் சுடுகிற வீராதி வீரர்களுக்கு இரண்டு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று வைத்தார்கள். ஆகச் சட்டப்படி நடந்தால் ரிவால்வர் யார் கண்ணிலும் படாது. யார் கண்ணிலும் படாத கௌரவத்துக்கு எங்கள் ஊரில் யார் பணம் கொடுப்பார்?

இத்தனை நேரம் ஆண்பிள்ளைகளைப் பற்றியே பேசினேன். சர்க்காருக்குப் பெண்பிள்ளைகள் ஞாபகமும் ஒரு தடவை வந்தது. 2012 டிசம்பரில் டில்லியில் ஓடும் பஸ்ஸில் ஒரு பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையில் தேசமே கொதித்தது அல்லவா? 2014 ஜனவரியில் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை பெண்களுக்கென்று ஒரு .32 ரிவால்வரை வெளியிட்டது. பெயர் நிர்பீக், பயமற்றவர் என்று அர்த்தம். எடை அரைக் கிலோ. விலை 1,22,360 ரூபாய். நகைப் பெட்டி மாதிரி ஒரு அரக்கு நிறப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள்.

அந்தப் பெட்டியைப் பற்றித்தான் எனக்குக் கோபம். ரிவால்வரை நகைப் பெட்டியில் வைக்கத் தெரிந்தவர்களுக்கு, ஒரு பெண் அதை எதில் வைத்துத் தெருவில் நடப்பாள் என்ற யோசனை வந்ததா? சேலைக்கு எந்த இடுப்பில் உறை கட்டுவது? சுடிதாருக்கு எங்கே பெல்ட்? கைப்பை என்பார்கள். கைப்பைக்குள் சாவி, சீப்பு, டிபன் டப்பா, பஸ் சில்லறை. அவற்றுக்கு அடியில் ரிவால்வர். எடுப்பதற்குள் கைப்பையே பறிபோகும். பையைப் பறித்தவனுக்கு ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரம் ரூபாய் இனாம்.

இதற்கென்றே கைப்பை செய்து விற்கும் தேசம் அமெரிக்கா. ரிவால்வருக்குத் தனி அறை, தனி ஜிப்பு. 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தில் ஒரு தாய் அப்படிப்பட்ட பையோடு குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். பை, கிறிஸ்துமஸ் பரிசாக வந்தது. தள்ளுவண்டியில் பையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுப் பிள்ளை ஜிப்பைத் திறந்தது. தாய் அந்த இடத்திலேயே இறந்தார். அவர் ஆயுதப் பழக்கம் இல்லாதவர் அல்ல. லைசென்ஸ் பெற்றுக் கையாளக் கற்றவர்தான். கையாளத் தெரிந்தவருக்கு இந்தக் கதி. அந்த நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு சாகிறவர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் துப்பாக்கி இருந்தால் அதற்கு முதலில் அகப்படுகிறவர்கள் வீட்டுக்காரர்களே.

எங்கள் பக்கத்தில் இரவு ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் பெண்களுக்கு இந்த நகைப் பெட்டி பல மாதச் சம்பளம். அவர்களுக்கு வேண்டியது கம்பெனி வாசலிலிருந்து வீட்டுத் தெரு வரை எரிகிற விளக்கு, நேரத்துக்கு வருகிற வண்டி, புகார் சொன்னால் எழுதிக்கொள்கிற போலீஸ் ஸ்டேஷன். இவற்றைக் கொடுக்கவேண்டியவர்கள் ரிவால்வரைக் காட்டி "நீயே பார்த்துக்கொள், அம்மா" என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

என்னோடு வாதாட வருகிறவர்கள் சும்மா வருவதில்லை. காந்தியடிகளையும் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். லிட்டன் பிரபு 1878இல் கொண்டுவந்த ஆயுதச் சட்டத்தை அவரே கண்டிக்கவில்லையா? 1931இல் கராச்சிக் காங்கிரஸ் ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையைப் பிரஜா உரிமைகளில் ஒன்றாகத் தீர்மானிக்கவில்லையா? உண்மை. ஒரு ஜாதி முழுவதையும் நிராயுதபாணியாக்கி ஆளவந்த அன்னியனிடம் சொன்ன பேச்சு அது. அந்தத் தீர்மானத்திலும் விதிகளுக்கு உட்பட்டு என்று ஒரு வாசகம் உண்டு. அந்தக் கராச்சிக்கு அடுத்த வருஷம், 1932 ஜனவரியில், திருப்பூர் வீதியில் அடிபட்டுச் செத்த குமரன் கையில் இருந்தது கொடி. அவன் பேரை நகரத்துச் சாலைக்கு வைத்திருக்கிறோம்.

ஆயுதத்தைக் குலதர்மமாகக் கொண்டவர்களும் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். குடகர்களுக்குச் சில வகைத் துப்பாக்கிகளுக்கு லைசென்ஸ் விலக்கு உண்டு. கைல்போது என்று ஒரு பண்டிகை. துப்பாக்கியைத் துடைத்துப் பூவைத்துக் கும்பிடுவார்கள். அவர்களிடம் எனக்குச் சண்டையில்லை. துப்பாக்கியைத் துடைக்கத் தெரிந்த வீட்டில்தான் துப்பாக்கி இருக்கலாம் என்பதே என் பேச்சும்.

"சனிக்கிழமைச் சம்பளப் பணத்தை எப்படிக் கொண்டுவருவது?" என்பது எங்கள் ஊர் வாதம். இதில் நியாயம் இருந்த காலம் ஒன்று உண்டு. பாங்கியிலிருந்து மூட்டையாகப் பணம் எடுத்து வந்து வாரச் சம்பளம் போட்டார்கள். இப்போது பாதிக்குப் பாதி கணக்கிலேயே போகிறது. மிச்சப் பணத்துக்கும் காவல் என்றால் பெல்ட்டுக்குள் அமுங்கிக் கிடக்கும் ரிவால்வரா? மோட்டார் சைக்கிளில் வருகிறவன் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வருவதில்லை. ஆளுக்கு ஆள் மாறும் நேரமும் பாதையும், துணைக்கு இருவர், பூட்டிய பெட்டி, இவை செய்கிற காவலை அது செய்யாது. பயிற்சி உண்டா என்றால் அதுவும் இல்லை. ஒரு வருஷத்தில் எத்தனை தோட்டா வாங்கலாம் என்று லைசென்ஸிலேயே எழுதியிருக்கிறது. அந்த அளவையும் முழுக்க வாங்கிச் சுட்டுப் பழகினவரை நான் இங்கே பார்த்ததில்லை.

துப்பாக்கி என்றால் பெருமாநல்லூர்க்காரனுக்கு 1970 ஜூன் 19 நினைவுக்கு வரவேண்டும். மின்சாரக் கட்டண உயர்வை எதிர்த்துத் திரண்ட விவசாயிகள் மேல் போலீஸ் சுட்டதில் மூன்று பேர் இந்த மண்ணில் விழுந்தார்கள். அவர்களுக்கு இன்றும் வருஷாவருஷம் விவசாயிகள் இங்கே கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள். சுட்டவர்கள் பயிற்சி பெற்றவர்கள், உத்தரவுக்குக் கட்டுப்பட்டவர்கள். அப்படியும் மூன்று குடும்பம். பயிற்சியும் உத்தரவும் இல்லாத ஒருவர் பதறிப்போய் இடுப்பிலிருந்து உருவினால் அந்தக் குண்டு யார் வீட்டுக்குப் போகும்?

உயிருக்கு ஆபத்து, ஒரு நாள்கூட ஆயுதமில்லாமல் இருக்க முடியாது என்று மனுவில் எழுதுகிறார்களே, அதன் மெய்பொய்யைச் சோதிக்கத் தேர்தல் கமிஷன் நமக்கு ஒரு வழி செய்து வைத்திருக்கிறது. தேர்தல் வந்தால் விலக்குப் பெற்றவர்கள் தவிர மற்றவர்கள் ஆயுதத்தைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். 2024இல் மார்ச் 16ஆம் தேதி நடத்தை விதி அமலுக்கு வந்தது. ஜூன் முதல் வாரம் வரை இருந்தது. ஏறக்குறைய எண்பது நாள். அந்த எண்பது நாளும் எனக்குத் தெரிந்த ஒரு லைசென்ஸ்தாரர் எங்கள் ஊர்க் கடைவீதியில் வழக்கம்போலக் காலையில் டீ குடித்தார். சனிக்கிழமை சம்பளம் போட்டார். இரவு பத்து மணிக்குத் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். தேர்தல் முடிந்து பத்து நாள் கழித்து, ஸ்டேஷனிலிருந்து இரண்டு முறை ஆள் சொல்லிவிட்ட பிறகு, ரசீதோடு போய் வாங்கி வந்தார். தோட்டா எத்தனை கொடுத்தீர்கள் என்று கேட்டேன். நினைவில்லை என்றார். ரசீதை எடுத்துப் பார்த்தோம். பதினொன்று என்று எழுதியிருந்தது. எந்த வருஷத்துத் தோட்டா என்பது ரசீதில் இல்லை.